இடம் மாறும் சிவப்பு

கணையத்தில் புற்றுநோய் என்றால் அதைக் கண்டுபிடிப்பவர் பொதுவாக வயிற்று டாக்டர். மஞ்சள் காமாலை, முதுகுவரை ஊடுருவும் வலி, மளமளவென்று குறையும் எடை, பிறகு ஸ்கேன். வழக்கமான பாதை இது. ஆனால் கணையத்தில் வரும் ஒரு கட்டியை மட்டும் தோல் டாக்டர்தான் முதலில் கண்டுபிடிக்கிறார். கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று சொல்வது இன்னும் பொருத்தம். பல நேரங்களில் அவரும் கோட்டை விட்டுவிடுகிறார்.

அந்தக் கட்டியின் பெயர் குளுக்ககோனோமா. இரண்டு கோடிப் பேரில் ஒருவருக்கு ஓர் ஆண்டில் வரக்கூடும் என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. 140 கோடிப் பேர் வாழும் நாட்டுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் வருஷத்துக்கு சுமார் 70 பேர். அமெரிக்காவின் புகழ்பெற்ற மேயோ கிளினிக்கே 1996ல் வெளியிட்ட கட்டுரையில் 21 நோயாளிகளைத்தான் காட்ட முடிந்தது. இவ்வளவு அபூர்வமான நோயைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதத்தான் வேண்டுமா என்று கேட்கலாம். நோய்தான் அபூர்வம். அதை மூடி மறைக்கிற விஷயங்கள் தெருவுக்குத் தெரு கிடைக்கின்றன. மருந்துக்கடை களிம்பு ஒன்று, சர்க்கரை வியாதி இன்னொன்று.

முதலில் அரையிடுக்கில் ஒரு சிவந்த திட்டு. அல்லது பிட்டத்தில், அடிவயிற்றில், தொடையில், ஆசனவாயைச் சுற்றி. திட்டின் நடுவே தோல் வெளுத்து, தளர்ந்த கொப்புளமாக எழும்பும். லேசாக உரசினாலே உடைந்துபோகும். நீர் கசியும், பொருக்குத் தட்டும். நடுப்பகுதி ஆறிக்கொண்டிருக்கும்போதே விளிம்பு வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கும். ஒன்றிரண்டு வாரங்களில் ஒரு சுற்று முடிந்து, ஆறிய இடத்தில் பழுப்புக் கறை தங்கும். நோயாளி நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் பக்கத்தில் இன்னொரு திட்டு கிளம்பும். அரிப்பு, எரிச்சல், வலி மூன்றும் உண்டு. உதட்டோரம் வெடிக்கும். நாக்கு சிவந்து வழவழப்பாகி, காரம் பட்டால் துடிக்க வைக்கும்.

நம் ஊரில் இதைப் பார்க்கும் யாருக்கும் முதலில் தோன்றுவது படர்தாமரை. தமிழில் தோல் வியாதிகளுக்குப் பெயர்ப் பஞ்சம் இருந்ததே இல்லை. படை, சொறி, சிரங்கு, கரப்பான், அக்கி, தேமல் என்று நீளும். இவற்றில் படர்தாமரை என்ற பெயரில் மட்டும் நோயின் நடையும் சேர்ந்தே இருக்கிறது. விளிம்பில் படர்ந்து நடுவில் தெளியும் வட்டத்தைப் பார்த்து வைத்த பெயர். இப்போது சொல்லும் சிவப்பும் விளிம்பில் படர்வதுதான், நடுவில் தெளிவதுதான். ஆகவே பாட்டியின் கண்ணுக்கும் சரி, மருந்துக்கடைக்காரரின் கண்ணுக்கும் சரி, அது படர்தாமரையாகவே படுகிறது. அதிலும் நோயாளிக்குச் சர்க்கரை இருந்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. சர்க்கரை வியாதிக்காரருக்கு அரையிடுக்கில் பூஞ்சைக் காளான் வருவது தினசரி நடக்கிற சமாசாரம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவோடு நடந்து 2023ல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாகக் கணித்தது. இந்தக் கூட்டத்தில் எழுபது பேர் ஒளிந்துகொண்டால் யார் தேடிப்பிடிப்பது?

குளுக்ககோனோமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்குச் சர்க்கரையும் இருக்கும். கட்டி கொண்டுவந்த சர்க்கரை அது. பெரும்பாலும் மிதமானதாகவே இருக்கும் என்பதால் மாத்திரையில் ஓரளவு அடங்கிவிடும். யாரும் அதைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

களிம்புக்கு வருவோம். மருந்துக்கடையில் ‘அரிப்புக்கு ஒரு டியூப்’ என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் மூன்றும் கலந்த கலவை. காளானுக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு. தடவிய இரண்டாம் நாள் சிவப்பு மங்கும், அரிப்பு அடங்கும். அடங்கியது ஸ்டீராய்டின் வேலை. அடியில் இருக்கும் நோய் அதன் பாட்டுக்கு இருக்கும். உண்மையான படர்தாமரைகூட இந்தக் களிம்புகளால் உருமாறி அடையாளமே தெரியாமல் பரவுவதை இந்தியத் தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகப் புலம்பி வருகிறார்கள். அவர்களுடைய சங்கம் இதற்கென்றே தனிக் குழு அமைத்துப் போராடியது. 2018ல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் அப்படி. கடையில் நடப்பது எல்லோருக்கும் தெரியும்.

கடையைத் தாண்டி டாக்டரிடம் போனவருக்கும் உடனே விடிவு கிடைப்பதில்லை. ஒருவர் எக்ஸிமா என்பார். இன்னொருவர் சோரியாசிஸ் என்பார். கொப்புளத்தைப் பார்த்து பெம்ஃபிகஸ் என்று முடிவு கட்டுவதும் உண்டு. நாக்கையும் உதட்டையும் பார்த்தவர் பி காம்ப்ளெக்ஸ் எழுதுவார். துத்தநாகச் சத்து குறைந்தாலும், நயாசின் குறைந்து வரும் பெலாக்ராவிலும் தோல் கிட்டத்தட்ட இதே கோலம் காட்டும். ஒவ்வொன்றுக்கும் சில மாதங்கள் வைத்தியம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தேவலை. பிறகு மறுபடியும். இப்படியே வருஷங்கள் ஓடிவிடுகின்றன.

இதற்கு டாக்டர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உடம்பைத் துறை துறையாகப் பங்கு போட்டுக்கொண்ட ஏற்பாட்டில் இந்த நோய் விழுந்து தொலைந்துவிடுகிறது. தோல் ஒருவரிடம், சர்க்கரை இன்னொருவரிடம். எடை குறைந்தால் சர்க்கரைதான் காரணம் என்று பதில். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை. வயிற்றுப்போக்கா, அதற்கு வேறு ஒருவர். இந்த நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்குக் காலின் ஆழ்நாளங்களில் ரத்தம் உறைகிறது. உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் ஆளையே கொல்லும். கால் வீங்கினால் ரத்தநாள நிபுணர். மனச்சோர்வும் இந்த நோயின் ஓர் அங்கம், அதற்கு மனநல டாக்டர். அவரவர் அறையில் அவரவர் சரியாகத்தான் பார்க்கிறார்கள். ஆறு ஃபைல்களையும் ஒரே மேஜையில் பரப்பிப் பார்க்க ஆளில்லை. அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த குடும்ப டாக்டர் என்ற பிராணி நகரங்களில் அருகிப்போனது சும்மா போன விஷயமல்ல.

இனி கணையம். இரைப்பைக்குப் பின்னால் படுத்திருக்கும், ஒரு சாண் நீளம்கூட இல்லாத உறுப்பு. அதில் பெரும்பகுதி செரிமான நீரைச் சுரப்பது. அந்தப் பெரும்பகுதிக்குள் ஆங்காங்கே தீவுகளைப் போல வேறு வகைச் செல்கள் கூட்டமாக இருப்பதை 1869ல் பெர்லினில் தன் டாக்டர் பட்ட ஆய்வில் எழுதியவர் பால் லாங்கர்ஹான்ஸ். அப்போது அவருக்கு வயது 21. அந்தத் தீவுகள் என்ன செய்கின்றன என்பது அவருக்குத் தெரியாது. அது தெரிய அரை நூற்றாண்டு ஆயிற்று. 1921ல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தபோது உலகம் அதைக் கொண்டாடியது. இரண்டே ஆண்டுகளில், 1923ல், கிம்பால், மர்லின் என்ற இரு அமெரிக்கர்கள் அதே கணையச் சாற்றில் இன்னொரு பொருள் இருப்பதையும் அது இன்சுலினுக்கு நேர்மாறாக ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதையும் சொன்னார்கள். குளுக்ககான் என்று பெயரும் வைத்தார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்சுலினில் கலந்துவிட்ட அசுத்தம் என்ற அளவில்தான் அதற்கு ரொம்ப நாள் மரியாதை.

தீவுகளில் பீட்டா செல்கள் இன்சுலின் சுரக்கின்றன, ஆல்ஃபா செல்கள் குளுக்ககான். சாப்பிடாத நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை விழுந்துவிடாமல், கல்லீரலின் கையிருப்பை எடுத்துவிடச் சொல்வது குளுக்ககானின் வேலை. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டவர் காலையில் மயங்காமல் எழுந்திருப்பதில் அதற்கும் பங்குண்டு. இந்த ஆல்ஃபா செல்கள் கட்டியாகப் பெருகி, வேளை கெட்ட வேளையில் குளுக்ககானைக் கொட்டுவதுதான் குளுக்ககோனோமா.

தோலையும் கணையத்தையும் முடிச்சுப்போட மருத்துவத்துக்கு இன்னும் நாள் பிடித்தது. 1942ல் பெக்கர், கான், ராத்மன் என்ற மூன்று அமெரிக்க டாக்டர்கள், உள்ளுறுப்புப் புற்றுநோய்கள் தோலில் காட்டும் அடையாளங்களைப் பற்றி எழுதினார்கள். கணையத் தீவுச் செல்களில் புற்று இருந்த, உடம்பெல்லாம் வினோதமான தடிப்புகள் வந்த ஒரு பெண்ணின் கதை அதில் இருந்தது. இரண்டும் ஒருசேர இருந்தன என்று சொல்ல முடிந்ததே தவிர, ஏன் என்று சொல்ல முடியவில்லை. ரத்தத்தில் குளுக்ககானை அளக்கும் முறையே 1959ல்தான் ரோஜர் அங்கர் குழுவினரால் வந்தது. அளவுகோல் கைக்கு வந்தபின் 1966ல் மக்காவ்ரன் குழுவினர் (அங்கரும் அதில் ஒருவர்) தடிப்பும் சர்க்கரையும் இருந்த இன்னொரு பெண்ணின் கட்டியிலும் ரத்தத்திலும் குளுக்ககான் மிதமிஞ்சி இருப்பதை நிரூபித்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் வில்கின்சன் என்ற பிரிட்டிஷ் தோல் மருத்துவர் தடிப்புக்கு நெக்ரோலைட்டிக் மைக்ரேட்டரி எரித்திமா என்று நாமகரணம் செய்தார். நாக்கு சுளுக்கும் பெயர்தான். ஆனால் தோல் செத்து உரிவதும், இடம் மாறுவதும், சிவப்பதும் மூன்று சொல்லில் அடங்கிவிட்டன. 1974ல் மல்லின்சன் குழுவினர் ஒன்பது நோயாளிகளின் விவரங்களை ‘லான்செட்’ இதழில் வெளியிட, தனித்தனியாகத் தெரிந்த தடிப்பு, சர்க்கரை, இளைப்பு, ரத்தசோகை, நாக்குப்புண் எல்லாம் ஒரே நோயின் முகங்கள் என்பது ஊர்ஜிதமானது.

கணையத்தில் சுரக்கும் ஹார்மோன் தொடைத் தோலை ஏன் உரிக்க வேண்டும்? இன்றைக்கு ஓரளவு ஏற்கப்படும் விளக்கம் இது. குளுக்ககான் அளவுக்கு மீறினால் கல்லீரல், சர்க்கரை தயாரிப்பதற்காகப் புரதத்தின் மூலப்பொருளான அமினோ அமிலங்களையும் அள்ளிப்போட்டுக்கொள்கிறது. வீட்டு உத்தரத்தைப் பிளந்து அடுப்பெரிப்பது போல. ரத்தத்தில் அமினோ அமிலங்கள் அதலபாதாளத்துக்குப் போகின்றன. தோலின் மேலடுக்கு சில வாரங்களுக்கு ஒருமுறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் இடம். வரத்து நின்றால் முதலில் வாடுவதும் அதுதான். சில நோயாளிகளுக்கு அமினோ அமிலங்களை நரம்பு வழியாக ஏற்றியதுமே, கட்டி இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்க, தடிப்பு மட்டும் ஆறியிருக்கிறது. துத்தநாகக் குறைவுக்கும் இதில் பங்கு உண்டு என்கிறார்கள். கல்லீரல் சுருக்க நோயிலும், சத்துகளைக் குடல் உறிஞ்ச முடியாத சீலியாக் நோயிலும், கட்டியே இல்லாமல் இதே தடிப்பு வருவதுண்டு. ஆகவே தடிப்பை வைத்து மட்டும் புற்று என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது.

இதைப் படித்துவிட்டு அரையிடுக்கில் அரிப்புள்ள ஒவ்வொருவரும் ஸ்கேன் சென்டருக்கு ஓட வேண்டியதில்லை. அவர்களில் அநேகமாக எல்லோருக்கும் இருப்பது காளான்தான். அது காளானா இல்லையா என்று பார்க்கப் பெரிய செலவும் கிடையாது. திட்டின் விளிம்பைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் போதும். எந்த அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவிலும் செய்யக்கூடிய சோதனை. இதைச் செய்யாமலேயே மூன்று, நான்கு டியூப்கள் தீர்ந்துபோவதுதான் ஆச்சரியம். காளான் இல்லை என்றாகி, முறையான சிகிச்சைக்கும் அடங்காமல், தடிப்பு இடம் மாறி இடம் மாறி வந்து, கூடவே எடை குறைந்து, நாக்கும் புண்ணாகி, புதிதாகச் சர்க்கரையும் எட்டிப்பார்த்தால் கதையே வேறு.

அப்போது முதலில் தோல் பயாப்ஸி. எடுக்கும் இடம் முக்கியம். பழைய, பொருக்குத் தட்டிய திட்டில் வெட்டினால் ‘குறிப்பாக ஒன்றும் இல்லை’ என்றுதான் ரிப்போர்ட் வரும். புதிதாகக் கிளம்பிய திட்டின் விளிம்பில் எடுத்தால், தோலின் மேல்பாதி வெளுத்துச் செத்தும் கீழ்ப்பாதி உயிரோடும் இருப்பது தெரியும். ஒரு தடவையில் கிடைக்காமல் இரண்டு மூன்று தடவை எடுக்க நேர்வதும் சகஜம். களிம்பு தடவிய தோல் இங்கேயும் குழப்பும்.

அடுத்தது ரத்தத்தில் குளுக்ககான். ஒரு மில்லிலிட்டரில் 500 பிக்கோகிராமைத் தாண்டினால் பலத்த சந்தேகம், 1,000ஐத் தாண்டினால் ஏறக்குறைய முடிவு. பட்டினி, சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் சுருக்கம், கணைய அழற்சி எல்லாம் ஓரளவு ஏற்றிக்காட்டும். குளுக்ககான் ரத்த மாதிரியில் சீக்கிரம் சிதைந்துபோவது. சாதாரணக் குழாயில் எடுத்து மேஜையில் வைத்துவிட்டு டீ சாப்பிடப் போனால் கணக்கு தப்பிவிடும். உரிய ரசாயனம் கலந்த குழாயில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். பிறகு சி.டி. ஸ்கேன். கட்டி பெரும்பாலும் கணையத்தின் உடல் அல்லது வால் பகுதியில் இருக்கும். பித்தக்குழாய் ஓடுவது தலைப்பகுதியில் என்பதால் காமாலை வந்து காட்டிக்கொடுப்பதும் இல்லை. கண்ணில் படும்போது கட்டி பல சென்டிமீட்டர் வளர்ந்திருக்கும். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதற்குள் கல்லீரலுக்கும் போயிருக்கும். களிம்பிலும் மாத்திரையிலும் கழிந்த மாதங்களின் விலை அது.

இருந்தாலும் கணையப் புற்று என்ற சொல்லைக் கேட்டதும் இடிந்துபோவது இங்கே பொருந்தாது. கணையப் புற்றுகளில் பத்துக்கு ஒன்பதும் செரிமான நீர்க் குழாய்களில் வருபவை. மருத்துவத்தையே தோற்கடிப்பதில் பெயர் எடுத்தவை. தீவுச் செல்களில் வருபவை நியூரோஎண்டோகிரைன் என்ற வேறு குலம். மெதுவாக வளர்பவை. கல்லீரலுக்குப் பரவிய பிறகும் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் உண்டு. இந்தக் குலத்தின் பெயர் இந்தியாவில் வீடு வீடாகத் தெரிந்தது 2018 மார்ச்சில், நடிகர் இர்ஃபான் கான் தனக்கு நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று அறிவித்தபோது. ‘நியூரோ’வைப் பார்த்துவிட்டு மூளையில் கட்டி என்று கிளம்பிய வதந்தியை அவரே மறுக்க வேண்டியிருந்தது. 2020 ஏப்ரல் 29ல் மும்பையில் காலமானார். ஆப்பிள் கம்ப்யூட்டரின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003 அக்டோபரில் தெரியவந்ததும் கணையத் தீவுச் செல் கட்டிதான். பத்தியம், மாற்று வைத்தியம் என்று ஒன்பது மாதங்கள் தள்ளிப்போட்டு 2004ல் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். 2009ல் கல்லீரல் மாற்று. 2011 அக்டோபர் 5ல் மரணம். இந்த இருவருக்கும் குளுக்ககோனோமா என்று சொல்ல வரவில்லை. குலம் ஒன்று, அவ்வளவே. கட்டி மெதுவாக வளர்வது தரும் அவகாசத்தை எப்படிச் செலவழிப்பது என்ற கேள்வி மட்டும் எல்லோருக்கும் பொது.

பரவாத கட்டி என்றால் ஆபரேஷன்தான் பூரண குணம். கணையத்தின் வால் பகுதியை, பெரும்பாலும் மண்ணீரலோடு சேர்த்து, எடுத்துவிடுகிறார்கள். ஆபரேஷனுக்கு முன்பே உடம்பைத் தேற்ற வேண்டும். அமினோ அமிலங்கள், துத்தநாகம், ரத்தம் உறையாமலிருக்க மருந்து. பரவியிருந்தால் கல்லீரலிலுள்ள கட்டிகளை வெட்டுவது, அவற்றுக்குப் போகும் ரத்தக்குழாயை அடைப்பது என்று வழிகள் உண்டு. 1988ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆக்ட்ரியோடைட் ஊசி குளுக்ககான் சுரப்பையே அடக்குகிறது. இப்போது மாதம் ஒரு தடவை போட்டுக்கொள்ளும் வடிவத்திலும் கிடைக்கிறது. கைக்காசில் போட்டுக்கொள்ளும் நடுத்தரக் குடும்பத்துக்கு அது லேசான செலவில்லை. 2011ல் எவரோலிமஸ், சுனிடினிப் என்ற மாத்திரைகள் கணைய நியூரோஎண்டோகிரைன் கட்டிகளுக்கு அனுமதிக்கப்பட்டன.

இவற்றில் விசேஷமானது லூட்டிஷியம்-177 சிகிச்சை. இந்தக் கட்டிகளின் மேற்பரப்பில் சொமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனுக்கான கொக்கிகள் நிறைய இருக்கும். அந்தக் கொக்கியில் மாட்டக்கூடிய மருந்தோடு கதிரியக்க லூட்டிஷியத்தைக் கட்டி ரத்தத்தில் விட்டால், அது கட்டியைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு உள்ளிருந்து சுடுகிறது. அமெரிக்கா இதற்கு அனுமதி தந்தது 2018ல். இந்தியா இதில் பின்தங்கியிருக்கவில்லை. டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் தன் துருவா அணு உலையில் லூட்டிஷியத்தைத் தயாரிக்கிறது. மும்பை பரேலில் டாடா மெமோரியல் வளாகத்திலுள்ள அந்த மையத்தின் கதிரியக்க மருத்துவப் பிரிவு இந்தச் சிகிச்சையைப் பல ஆண்டுகளாகத் தந்துவருகிறது. அணு உலை என்றதும் குண்டு மட்டுமே நினைவுக்கு வரும் நாட்டில் இது அதிகம் பேசப்படாத சமாசாரம்.

கட்டியை எடுத்த பிறகு தோல் தேறும் வேகம் டாக்டர்களையே திகைக்க வைப்பது. எந்தக் களிம்புக்கும் மசியாமல் வருஷக்கணக்கில் அலைக்கழித்த சிவப்பு, ஆபரேஷன் முடிந்த சில நாட்களில் வெளுக்க ஆரம்பித்து இரண்டொரு வாரங்களில் போய்விடுகிறது. நாக்கு காரம் தாங்குகிறது. பழுப்புக் கறைகள் மறைய இன்னும் சில மாதங்கள் ஆகும். ஸ்கேனுக்கும் ரத்தச் சோதனைக்கும் கூப்பிட்ட தேதியில் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பும் டாக்டர்கள், அரையிடுக்கையும் தொடையையும் பார்த்துக்கொள்ளவும் சொல்லி அனுப்புகிறார்கள். கட்டி திரும்பினால் சிவப்பும் திரும்பும்.